பேச்சு இல்லாத பதினோரு நிமிடம்

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் மூன்று அறை தள்ளி முணுமுணுத்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும் என்பதால், அதுவும் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரிதான். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் மற்றவர்களுக்கு மூட்டு தேய்கிறது, கண் மங்குகிறது. அவளுக்குக் காது மட்டும் கூர்மையாகிக்கொண்டே போனது. அதை வைத்துத்தான் சம்பளம்.

விமான விபத்துகளை விசாரிக்கும் அலுவலகம் அது. இரண்டாம் மாடியில், நடையின் கடைசியில் அவளுடைய அறை. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், உறை கிழிந்து அவளே துணி தைத்துப் போட்ட ஒரு ஹெட்போன், காலடியில் தையல் மெஷினில் இருப்பது போல ஒரு பெடல். பெடலை மிதித்தால் பதிவு ஓடும், விட்டால் நிற்கும். விமானி அறையில் பேசுவதெல்லாம் விமானத்தில் உள்ள பெட்டியில் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் அந்தப் பெட்டி இங்கே வரும். எந்த நொடியில் யார் என்ன சொன்னார் என்று கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

விமானிகள் ஆபத்தில் வீர வசனம் பேசுவார்கள் என்று நினைப்பவர்கள் அவளைக் கேட்க வேண்டும். கேட்டாலும் சொல்ல மாட்டாள், அது வேறு விஷயம். ஹோட்டல் மெத்தை முதுகை உடைத்துவிட்டது என்பார்கள். பேனாவை யார் எடுத்தது என்று சண்டை போடுவார்கள். ஒரு கேப்டன் ஒன்பது நிமிடம் மூக்குக்கண்ணாடியைத் தேடியிருக்கிறார், கடைசியில் அது அவர் தலையிலேயே இருந்தது. இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வீட்டில் கணவர் "இன்னைக்கு என்ன?" என்று கேட்பார். "டைப் அடிச்சேன்" என்பாள். அவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர், சோதனைக்குழாய்களோடு பழகிப் பழகி வாயைத் திறக்க மறந்த மனிதர். நாளெல்லாம் பேச்சைக் கேட்டு அலுத்து வருகிறவளுக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த புருஷன் என்று அவள் தங்கை கேலி செய்வாள்.

இனி சொல்லப்போகிற கதைக்கு அந்த அலுவலகத்து வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெட்டியில் இரண்டு மணி நேரப் பேச்சு இருக்கும். கடைசி கால் மணி நேரத்தை ஐந்து அதிகாரிகள் ஒன்றாக உட்கார்ந்து, திரும்பத் திரும்ப, சலிக்கச் சலிக்கக் கேட்பார்கள். ஒரு இருமலைக்கூட விட மாட்டார்கள். அதற்கு முந்தைய நேரம் முழுவதையும் அவள் மட்டும் கேட்பாள். அவள் அடித்த தாளை அவர்கள் படிப்பார்கள். பெட்டியின் பிரதி சீல் வைக்கப்பட்டு அலமாரிக்குப் போய்விடும். அந்த நேரத்துக்கு அவள் தாள்தான் எல்லாம்.

நெடுந்தூரம் பறக்கும்போது நடுவில் பேச்சு இருக்காது. அதற்காக அவள் ஒரு விசையில் இரண்டு வார்த்தையைப் பதித்து வைத்திருந்தாள். தட்டினால் 'பேச்சு இல்லை' என்று விழும். பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று அடித்தால் போதும். பேச்சு இல்லாவிட்டாலும் அவள் கேட்காமல் விடமாட்டாள். ஸ்விட்ச் தட்டினால் எழுதுவாள், சீட் கிரீச்சிட்டால் எழுதுவாள். பாம்புக்காது என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அந்த வருடம் அவளோடு வேலை செய்த இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் போனாள். பதிலுக்கு ஆள் போடவில்லை. அதே சமயம் பார்த்து மூன்று பெட்டிகள் வரிசையாக வந்து நின்றன. அலுவலகத் தலைவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனிதர். தலையில் முடி குறைவு, மேசையில் கோப்பு அதிகம். அவர் அவள் அறை வாசலில் வந்து நின்று, "ஏம்மா, சமாளிச்சிடுவீங்களா?" என்று கேட்டார்.

"சமாளிச்சிடலாம் சார்" என்றாள்.

உலகத்தில் பாதி வேலை இந்த 'சமாளிச்சிடலாம்' என்ற வார்த்தையில்தான் ஓடுகிறது. பாதி விபத்தும் அதில்தான் நடக்கிறது. அதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. எத்தனை கேப்டன்கள் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் காதால் கேட்டிருக்கிறாள். இருந்தும் சொன்னாள். நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு 'முடியாது' என்ற சொல் எளிதில் வாயில் வராது.

மூன்றில் இரண்டாவதாக வந்த பெட்டிதான் இந்தக் கதை. விடியற்காலையில் கிளம்பிய விமானம், நாற்பத்தாறு பயணிகள். இறங்க ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் ஆரம்பிக்காமல், பிறகு அவசர அவசரமாக இறங்கி, ரன்வேயின் பாதியைத் தாண்டித் தரையைத் தொட்டு, நிற்க இடம் போதாமல் சேற்றில் போய் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பயணிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கேப்டனும் துணை பைலட்டும் பிழைத்தார்கள். இருவருமே, 'ஏன் தாமதமானது என்று நினைவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியை அவள் கேட்டது, விடுமுறையில்லாமல் தொடர்ந்து வேலைக்கு வந்த பதின்மூன்றாம் நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கேப்டனும் துணை பைலட்டும் கொஞ்ச நேரம் கார் வாங்குவதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச்சு நின்றது. ஹெட்போனில் என்ஜினின் ஒரே சீரான இரைச்சல் மட்டும். அந்த இரைச்சல் இருக்கிறதே, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுக்கிற மாதிரி. ஜன்னல் இல்லாத அறை, பஞ்சுச் சுவர், பதின்மூன்று நாள். கண்ணைச் சற்று மூடினாள். கால் மட்டும் பெடலை மிதித்தபடியே இருந்தது.

தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு குரல் விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். அதே நொடியில் ஹெட்போனில் கேப்டனின் குரல், தொண்டை கரகரக்கப் பதில் சொன்னது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், எண்களைக் கழித்தாள், விசையைத் தட்டினாள். 'பேச்சு இல்லை: பதினோரு நிமிடம்.'

நாளைக்கு அந்த இடத்தை மட்டும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சத்தியமாக நினைத்தாள். மறுநாள் காலை பெரியவர் ஆளனுப்பிப் பிரதியை வாங்கி சீல் வைத்துவிட்டார். கேட்டால் திறந்து கொடுத்திருப்பார். ஏன் என்று கேட்டிருப்பார், அதுதான் சங்கடம். மூன்றாவது பெட்டி வேறு மேசையில் காத்திருந்தது. பேச்சில்லாத இடத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் அதை மறந்தும் போனாள். மறந்துபோக வேண்டும் என்று நினைக்கிறதைத்தான் மனம் முதலில் மறக்கும்.

மூன்று மாதம் கழித்து வரைவு அறிக்கை தயாரானது. காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல், 'கேப்டனின் கவனக்குறைவு'. அது அப்படியே போனால் கேப்டனின் லைசென்ஸ் நிரந்தரமாகப் போய்விடும். அறிக்கையை இறுதி செய்வதற்கு முன் அவர் சொல்ல விரும்புவதைக் கேட்க ஒரு நாள் குறித்தார்கள். அந்தக் கூட்டத்தில் பேசுவதை அங்கேயே டைப் அடிக்கவும் அவளைத்தான் உட்கார வைத்தார்கள்.

அவள் கேப்டனை அன்றுதான் முதல்முறை பார்த்தாள். குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தாள். வந்தவர் குட்டையாக, தோள் ஒடுங்கி, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். அவருக்கு எதிரே விமான கம்பெனியின் மேலாளர். அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். துணை பைலட் வரவில்லை. அவர் இன்னும் அதே கம்பெனியில் வேலையில் இருந்தார், அதனால் அவருக்கு இன்னும் நினைவு வரவில்லை.

"கேப்டன், ஏதாவது சொல்றதா இருந்தா இதுதான் கடைசி சந்தர்ப்பம்" என்றார் பெரியவர்.

கேப்டன் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முதல்ல நினைவில்லைன்னு எழுதிக் கொடுத்தேன் சார். அது பொய். நாங்க தூங்கிட்டோம். ரெண்டு பேருமே. டவர்ல கூப்பிட்ட சத்தத்துலதான் முழிச்சேன். எவ்வளவு நேரம் போச்சுன்னே தெரியலை. அதுக்குள்ள இறங்க வேண்டிய இடம் தாண்டிடுச்சு."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு சார். நாற்பத்தாறு பேரை வச்சுக்கிட்டுத் தூங்கினேன்னு என் கையால எழுத வரலை." அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அஞ்சு நாள் தொடர்ந்து விடியக்காலை மூணு மணி டியூட்டி. ஆறாவது நாள் எனக்கு லீவு. யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. வந்துடுவீங்களான்னு கேட்டாங்க. சமாளிச்சிடலாம்னு சொன்னேன்."

அவள் விரல் அந்தச் சொல்லை அடித்தது. அடித்துவிட்டு ஒரு கணம் நின்றது.

கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "தூங்கினது எப்போ ஞாபகம் வந்துச்சு கேப்டன்? வக்கீலைப் பார்த்த பிறகா?" சிரித்துக்கொண்டே கேட்டார். "சார், எங்க கம்பெனி விதிப்படி ஓய்வு கொடுத்திருக்கு. கவனக்குறைவுன்னா பழி இவர் மேல. தூக்கம்னா பழி எங்க மேல. அதனால திடீர்னு தூக்கம் வருது. சரி, ஆதாரம் எங்கே? உங்க ஆபீஸ்ல டைப் அடிச்ச தாளையே எடுத்துக்குவோம். பக்கம் பதினாலு. 'பேச்சு இல்லை: பதினோரு நிமிடம்.' அவ்வளவுதான் இருக்கு. குறட்டைன்னு ஒரு வார்த்தை உண்டா? மூச்சுன்னு ஒரு வார்த்தை உண்டா?" அவர் அவள் பக்கம் கையை நீட்டினார். "இந்த மேடம் காதுக்கு ஸ்விட்ச் தட்டுற சத்தமே தப்பாதுன்னு சொல்றாங்க. ரெண்டு பேர் தூங்கினா தப்புமா?"

அதையும் அவள்தான் டைப் அடிக்க வேண்டியிருந்தது. தன் காதைப் பற்றிய புகழ்ச்சியைத் தன் கையாலேயே எழுத்து எழுத்தாக அடித்தாள். பக்கம் பதினாலு. பதின்மூன்றாம் நாள் மதியம். எல்லாம் நேற்று நடந்தது போலத் திரும்பி வந்தது.

கேப்டன் என்ன சொல்வார்? தூங்கினவரைப் போய்த் தூங்கினதற்குச் சாட்சி கேட்டால்? அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உங்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லையா என்று கேட்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

தேநீர் இடைவேளை விட்டார்கள். அவள் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். சொன்னால் வேலைக்கு உலை வைத்த மாதிரி. பத்தொன்பது வருடத்தில் அவள் அடித்த ஒவ்வொரு தாளையும் சந்தேகத்தோடு புரட்டுவார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொன்றும் மனசுக்குள் அரித்தது. சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து கேட்டு, அங்கே நிஜமாகவே என்ஜின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லாவிட்டால்? அமைதியாகத் தூங்குகிறவர்கள் இல்லையா என்ன? அவருக்கும் பயனில்லை, தன் வேலையும் போகும்.

கணவருக்குப் போன் போட்டாள். அலுவலக நேரத்தில் அவள் போன் போட்டதே இல்லை என்பதால் அவர் பதறிப்போய் எடுத்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. ஒண்ணு கேட்கட்டுமா? நான் தூங்கும்போது ஏதாவது சத்தம் வருமா?"

அந்தப் பக்கம் கண்ணாடிச் சாமான் எதையோ கீழே வைக்கிற ஓசை கேட்டது.

"எதுக்குக் கேட்கிற?"

"சும்மா சொல்லுங்க."

"குறட்டை விடுவ."

"நானா?"

"நல்லாவே விடுவ."

"இருபத்தேழு வருஷமா ஏங்க சொல்லலை?"

"நீ வருத்தப்படுவேன்னு." கொஞ்சம் யோசித்து, "எல்லாருக்கும் வரும்மா. சத்தமே இல்லாம யாரு தூங்குறா" என்றார். அன்றைக்கு அவர் பேசியதே அவருக்கு ஒரு மாதத்துக்குப் போதும்.

உலகத்துச் சத்தத்தையெல்லாம் கேட்கிறவளுக்குத் தன் குறட்டை கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லோரும் உட்கார்ந்ததும் அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "சார், நான் ஒண்ணு சொல்லணும்."

பெரியவர் ஆச்சரியமாகப் பார்த்தார். டைப் அடிக்க வந்தவர் கூட்டத்தில் பேசி அவர் பார்த்ததில்லை.

"பக்கம் பதினாலுல இருக்கிற அந்தப் பதினோரு நிமிஷத்தை நான் கேட்கலை சார்."

"கேட்கலைன்னா?"

"தூங்கிட்டேன்."

கோட்டுக்காரர் முதலில் சுதாரித்துக்கொண்டார். "இது நல்லா இருக்கே! மூணு மாசம் கழிச்சு அவருக்கும் தூக்கம் ஞாபகம் வருது, இவங்களுக்கும் ஞாபகம் வருது. இவங்க சொல்றதை நாங்க எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம் சார்" என்றாள். "பெட்டியில இருக்கிறதைக் கேளுங்க."

பெரியவர் அவள் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில், "ஏம்மா, இது எழுத்துல போகும். தெரியுதில்ல?" என்றார்.

"தெரியும் சார். நான்தானே டைப் அடிக்கிறேன்."

அலமாரியைத் திறந்து சீலை உடைத்தார்கள். விதிப்படி கம்பெனிக்காரர் பதிவைக் கேட்கக்கூடாது. அவர் முணுமுணுத்துக்கொண்டே கோட்டைச் சரிசெய்தபடி வெளியே போனார். தன் குரல் பதிவான விமானி இருக்கலாம் என்பதால் கேப்டன் இருந்தார். ஒலிபெருக்கியை மேசை நடுவில் வைத்தார்கள். பெரியவர், இரண்டு அதிகாரிகள், கேப்டன், அவள்.

முதலில் கார் வாங்குகிற பேச்சு வந்தது. பிறகு இரைச்சல். முதல் நிமிடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடத்திலும் ஒன்றுமில்லை. அதிகாரிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது நிமிடத்தில் இரைச்சலுக்கு அடியில் ஏதோ இழுபட்டது. மரப்பலகையை யாரோ மெதுவாக அறுப்பது போல ஒன்று.

"இது துணை பைலட்" என்றாள். "வலது பக்க மைக்." அவள் ஒலியைக் கூட்டினாள். "இது கேப்டன். இவர் மூச்சு இழுக்கிறது நீளம். கவனிங்க, பேசும்போது இவர் இப்படி மூச்சு விடலை."

இப்போது எல்லோருக்கும் கேட்டது. இரண்டு பேர், இரண்டு தாளத்தில், ஊருக்கு மேலே முப்பதாயிரம் அடியில், நாற்பத்தாறு பேரை முதுகில் சுமந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு சார்" என்றாள். "இந்த நேரம் பூரா ஒரு ஸ்விட்ச் சத்தம் இல்லை, ஒரு சீட் சத்தம் இல்லை. முழிச்சிருக்கிறவங்க பதினோரு நிமிஷம் நெளியாம உட்கார்ந்து பத்தொன்பது வருஷத்துல நான் கேட்டதில்லை."

கட்டுப்பாட்டு அறைக் குரல் கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. சீட் கிரீச்சிட, கரகரத்த குரலில் பதில் வந்தது. முதல் முறை கூப்பிட்டதை அவள் தாளில் எழுதவே இல்லை. அவளை எழுப்பியது இரண்டாவது அழைப்பு. கேப்டனை எழுப்பியதும் அதுதான்.

கேப்டன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். தன் லைசென்ஸ் பிழைத்ததற்கு அவர் அழவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தான் தூங்கியதை நாலு பேரோடு உட்கார்ந்து கேட்க நேர்ந்ததற்கு அழுதார். எழுந்து போகும்போது அவளருகே நின்றார். நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. "நீங்களும் லீவு போடலையா?" என்று மட்டும் கேட்டார்.

அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள். 'கேப்டனின் கவனக்குறைவு' என்பது போயிற்று. அந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் வந்தது. தொடர்ந்து ஆறு விடியற்காலைகள், விடுமுறை நாளில் வந்த போன், முடியாது என்று முந்தைய மாதம் சொன்ன இன்னொரு விமானிக்கு அதன்பின் தண்டனை போலக் கிடைத்த டியூட்டிகள் எல்லாம் அதில் இருந்தன. கேப்டன் தப்பே செய்யவில்லை என்று யாரும் எழுதவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லாதது அவர் தப்பு, அதற்கு ஆறு மாதம் பறக்கக்கூடாது. ஆனால் லைசென்ஸ் இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெரியவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் மேல் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். குறிப்பாணை கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், மேலே அனுப்ப வேண்டும். பிரசவத்துக்குப் போன பெண் இன்னும் வரவில்லை. அதனால் அந்தக் குறிப்பாணையையும் அவள்தான் டைப் அடிக்க வேண்டியிருந்தது. இதைவிட வேடிக்கை வேண்டுமா? பெரியவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் அடித்தாள்.

"'மேற்படி பதிவின் முக்கியமான பகுதியைக் கேளாமல், கேட்டதாகப் பதிவு செய்தது, பணியில் தங்களின் கவனக்குறைவு காரணமாக...' எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் சார்."

"அடுத்த வரி."

அவள் விரல் அடுத்த வரிக்குப் போகவில்லை. "சார், கேளாம எழுதினது என் தப்பு. மறுநாளே வந்து சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. அதை எப்படி வேணா எழுதுங்க. ஆனா கேப்டன் அறிக்கையில நாம இந்த வார்த்தையை எடுத்துட்டோம்."

பெரியவர் திரும்பினார்.

"தொடர்ந்து பதிமூணு நாள் டியூட்டின்னு ஒரு வரி சேர்த்துக்கட்டுமா சார்?"

"சேர்த்தா, அந்த டியூட்டியைப் போட்டது யாருன்னு அடுத்த வரி வரும்."

"வரும் சார்."

"அதுல என் பேர் இருக்கும்."

"இருக்கும் சார்."

அவர் பேசவில்லை. பழக்க தோஷத்தில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது, பேனா மூடி ஒருமுறை திறந்து மூடியது, ஒரு பெருமூச்சு. விழித்திருக்கிற மனிதரின் சத்தங்கள். அவர் ஓய்வு பெறவும் இன்னும் சில வருடங்கள் இருந்தன. அவர் மேலேயும் அதிகாரிகள் இருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. சொல்லக்கூடியவர்தான் என்றும் அவளுக்குத் தெரியும்.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பதிமூணு இல்லைம்மா. பதினாலு. மொத ஞாயித்துக்கிழமை நீங்க கையெழுத்துப் போடலை. ஒரு மணி நேர வேலைன்னு நான்தான் போன் பண்ணி வரச்சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் இருந்தீங்க." அவர் பதிவேட்டை மூடினார். "அந்த வார்த்தையை எடுத்துட்டு, இதை எழுதுங்க. என் பேரை முழுசாப் போடுங்க."

அவள் அந்தச் சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் பதினான்கு என்று அடித்தாள்.